வழக்கமாக மூடியிருக்கும் கதவு

தங்கச்சியின் வலது கையில் இரண்டு விரல்கள் போன மூன்றாம் நாள், சாட்சிக் கையெழுத்துப் போட என்னை மேனேஜர் அறைக்கு அழைத்தார்கள். டப்பா மூடி அடிக்கும் ஒரே பிரஸ் மெஷினில்தான் இருவருக்கும் வேலை. காலை ஷிப்ட் நான், மதிய ஷிப்ட் அவள்.

விபத்து அறிக்கை இங்கிலீஷில் இருந்தது. பக்கத்தில் நின்ற கிளார்க்கிடம் நீட்டினேன். எல்லோருக்கும் அர்த்தம் சொல்வதால் அவருக்கு அகராதி என்று பெயர். அகராதி பிடித்தவர் என்பாரும் உண்டு.

"மெஷினோட காப்புக் கதவு யூஷுவலி மூடியிருக்கும்னு போட்டிருக்கு," என்றார்.

"யூஷுவலின்னா?"

"வழக்கமா. எப்பவும்னு இல்ல. பத்து நாள்ல எட்டு, ஒம்போது நாள் நடந்தா அப்படிச் சொல்லலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முழுப் பூசணிக்காயை ஒரே ஒரு சொல்லுக்குள் மறைத்திருந்தார்கள். வழக்கமாக மூடியிருக்கும் கதவை அன்று திறந்தது யார்? அவள்தான் என்றாகும். அலட்சியம் என்று எழுதி வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள்.

"இன்ஸ்பெக்டர் வர்ற அன்னைக்குத்தான் சார் மூடுவோம். மத்த நாளெல்லாம் தொறந்தே கெடக்கும்," என்றேன்.

"அதனாலதாம்மா எப்பவும்னு எழுதல," என்றார் மேனேஜர். "கையெழுத்துப் போடு."

நான் போடவில்லை. ஒவ்வொரு மூடிக்கும் கதவு இறங்கி ஏறினால் அவர் கேட்கும் எண்ணிக்கை வராது. அதனால் காலையிலேயே அதைத் தூக்கிக் கம்பியால் கட்டிவிடுவோம். மதிய ஷிப்டுக்கும் அப்படியே கிடக்கும். அதைப் பார்த்துக்கொண்டேதான் அவர் தினமும் போவார்.

"அன்னைக்கு யாரு கட்டினா? பேரச் சொல்லு," என்று பேனாவை எடுத்தார்.

கட்டியவள் நான். மூன்று நாளாகத் தங்கச்சியின் படுக்கையருகே உட்கார்ந்தும் இதைச் சொல்லவில்லை. வேலை போகும் என்று பயப்படவில்லை. அவள் முகத்தைப் பார்க்கத்தான் பயந்தேன். ஆனால் நான் வாயை மூடினால் பழி அவள் தலையில் விழும்.

"நான்தான் சார். உங்க கண்ணு முன்னாடி, தினமும்."

அவர் பேனாவை வைத்துவிட்டார். நான் எடுத்து அகராதியிடம் கொடுத்தேன்.

"அந்த வார்த்தை இருக்கட்டும். மூடியிருக்கும்ங்கறத அடிச்சுட்டு, தொறந்திருக்கும்னு எழுதுங்க. கட்டினது நான்னும் எழுதுங்க."

அகராதி மேனேஜர் பக்கம் திரும்பாமலே எழுதினார். கையெழுத்துப் போட்டு, ஒரு நகலையும் கேட்டு வாங்கிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். தங்கச்சி இடது கையால் தலை வாரப் பழகிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்குக் கதவக் கட்டினது நான்தான்டி," என்றேன்.

சீப்பு நின்றது.

"அந்த முடிச்சு உன்னோடதுன்னு எனக்குத் தெரியாதாக்கா? நீயா எப்ப சொல்லுவன்னுதான் மூணு நாளா பாத்துக்கிட்டிருந்தேன்."