தராசைப் பார்க்கும் அழகம்மா

லோஜினி பஸ்களுக்குப் பெயர் எழுதுகிறவள். முன்கண்ணாடிக்கு மேலே ஊர்ப் பெயரை மூன்று மொழிகளிலும் எழுதுவாள். பின்பக்கத்தில் மயிலோ சிங்கமோ, முதலாளி கேட்டதை வரைவாள். ஹட்டனில் வேலை, வீடு வட்டகொடைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயம் எனப்படும் வரிசை வீடுகளில் ஒன்று. கணவன் துஷாந்த் ஆட்டோ ஓட்டினான்.

போன வருஷம் பஸ் கராஜ்காரர் நான்கு டின் மிச்சப் பெயின்டை அவளிடம் தள்ளிவிட்டார். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தின் வெளிச்சுவர் ரோட்டையும் ரயில் பாதையையும் பார்த்தபடி பாசி பிடித்துக் கிடந்தது. அதில் வரையலாமா என்று தோட்டத்தை நடத்தும் துரையிடம் கேட்டாள். "கட்சிக் கொடி மட்டும் வேண்டாம்" என்றார் அவர்.

பக்கத்து வீட்டு அழகம்மாவைத்தான் அந்தச் சுவரில் வரைந்தாள். தேயிலைப் பாக்கெட்டின் மேல் படமாக வருகிற மாதிரி சிரித்துக்கொண்டு கொழுந்து கிள்ளும் பெண் அல்ல. நாள் முழுக்க நின்ற கால், இடுப்பைச் சுற்றிய படங்குச் சாக்கு, கணுக்காலில் அட்டை கடித்த ரத்தக் கோடு. கொழுந்து மூட்டை தராசில் தொங்குகிறது. இடுப்பில் கைவைத்து, தராசு முள்ளை முறைத்துப் பார்க்கிறாள்.

வேலை முடிந்து வந்த அழகம்மா அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

"ஏன்டி, நான் இப்படியா மொறைக்கிறேன்?"

"இதவிடக் கூடவே மொறைப்பீங்க அக்கா."

"அப்ப சரி."

அதற்குப் பிறகு கணக்கப்பிள்ளை நிறுக்கும்போது முள் காட்டுவதைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். படம்தான் காரணமா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் நிறையைக் குறைத்து எழுதிக் கிலோ வெட்டுவது குறைந்துவிட்டதாகப் பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

ரயிலில் போன வெள்ளைக்காரர்கள் யாரோ படம் பிடித்துப் போட, அது போன் போனாகச் சுற்றியது. மார்ச் மாதம் கொழும்பிலிருந்து பிரதாப் என்பவர் வந்தார். ஓவியங்கள் விற்கும் கூடம் ஒன்றை நடத்துகிறவர். நல்ல சப்பாத்தோடு சேற்றில் இறங்கிச் சுவரைத் தொட்டுப் பார்த்தார்.

"இதையே எனக்கு ஒரு கேன்வஸ்ல போட்டுத் தருவீங்களா மிஸ்?"

அவர் சொன்ன விலைக்கு லோஜினி ஒரு வருஷம் பஸ்களுக்கு எழுத வேண்டும். உடனே சரி என்றாள். பக்கத்து வீட்டுக்காரியின் படத்தை விற்பதா என்று துஷாந்துக்குத்தான் தயக்கமாக இருந்தது. "பஸ்ஸுக்கு வரைஞ்சா காசு வாங்குறேன்ல? இதுவும் வேலைதாங்க" என்று அவன் வாயை அடைத்தாள்.

கட்டிலைச் சுவரோடு ஒதுக்கிவிட்டு இருபது நாள் வரைந்தாள். அழகம்மா வேலை விட்டு வந்ததும் படங்கைக்கூட அவிழ்க்காமல் வந்து நிற்பாள். சுவரில் சரியாக வராத முன்னங்கை கேன்வஸில் வந்துவிட்டது. வெயில் பட்ட அந்தக் கையைப் பார்க்கப் பார்க்க லோஜினிக்கே சந்தோஷமாக இருந்தது.

பிரதாப்பும் முடிந்த படத்தை ரசித்துத்தான் பார்த்தார். பிறகு தயங்கிச் சொன்னார்.

"ஒரே ஒரு விஷயம் மிஸ். அந்தச் சுவருக்கு வெள்ளை அடிச்சிரணும்."

"ஏன் சார்?"

"ரோட்டுல சும்மா பாக்கக் கிடைக்கிற படத்த யாரும் இந்த விலைக்கு வாங்க மாட்டாங்க. அது இல்லாமப் போனாத்தான் இது ஒரிஜினல். வெள்ளை அடிக்கிறத போட்டோ எடுத்து, பக்கத்துலயே மாட்டலாம்."

"சுவரப் பாத்துத்தானே சார் இத வரைஞ்சேன்?"

"நான் என்ன செய்ய? வாங்குறவங்க அப்படித்தான் கேட்பாங்க."

கூரைத் தகரம் ஒழுகிக்கொண்டிருந்தது. ஆட்டோவுக்கு டயர் மாற்ற வேண்டும். "கொஞ்சம் இருங்க சார்" என்று சொல்லிவிட்டு மடுவத்துக்கு நடந்தாள். மாலைக் கொழுந்தை நிறுக்கப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். அழகம்மாவைத் தனியே அழைத்து விஷயத்தையும் விலையையும் சொன்னாள். விலையைக் கேட்டு அழகம்மா மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"வாங்கிக்கடி. உன் கையால போட்டது, நீயே அழிச்சா யாரு என்ன சொல்லப்போறோம்?"

அவள் மனதாரத்தான் சொன்னாள். அதுதான் லோஜினிக்குத் தாங்கவில்லை. உள்ளே கணக்கப்பிள்ளை "பதினெட்டு!" என்று கத்தினார். வரிசையில் முதலில் நின்றவள் குனிந்து முள்ளைப் பார்த்து, "பதினெட்டரைங்க" என்றாள். அவர் மறுபடி பார்த்துத் திருத்தி எழுதினார்.

லோஜினி திரும்பி வந்தாள். "வேணாம் சார். சுவரு இருக்கட்டும்."

பிரதாப் கோபப்படவில்லை. "ஈரம் படாம வைங்க, நல்ல படம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு வாரம் அவள் படத்தைச் சுவர் பக்கம் திருப்பியே வைத்திருந்தாள். "ஒழுகுற இடத்துல அத மாட்டிருவமா?" என்று துஷாந்த் கேட்டபோதுதான் சிரித்தாள்.

அடுத்த மாதம் ஹட்டனில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் பெயர்ப்பலகை எழுதப் போனாள். முதலாளி யோகேஸ்வரன் யாழ்ப்பாணத்துக்காரர். இருபது வருஷமாக அங்கே கடை வைத்திருக்கிறார். அவள் முன்பு எழுதிய பலகைகளை அவளுடைய போனில் பார்த்துக்கொண்டு வந்தவர் அந்த அழகம்மா படத்தில் நின்றுவிட்டார்.

"இது விலைக்கோ பிள்ளை?"

"விலைக்குத்தாங்க. ஆனா இதே படம் எங்க மடுவத்துச் சுவர்லயும் இருக்கு. முன்னாடியே சொல்லிட்டேன்."

"தெரியும். ரெயிலில போகேக்க பாத்தனான். அதுக்கென்ன? அங்க பாத்த சனம் இஞ்ச சாப்பிட வரட்டுமன்."

அவர் கொடுத்தது பிரதாப் சொன்னதில் கால்வாசி. அதில் முன்பக்கத் தகரம் அத்தனையும் மாற்ற முடிந்தது. புதுத் தகரத்தில் மழை பெய்யும் சத்தத்தைத் துஷாந்த் வருகிறவர்களுக்கெல்லாம் பெருமையாகச் சொன்னான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லோஜினி அழகம்மாவை அந்தக் கடைக்கு அழைத்துப் போனாள். அழகம்மா தீபாவளிச் சேலை கட்டி, தலைக்குப் பூ வைத்து வந்திருந்தாள். படத்துக்கு நேர் கீழே இடம் கிடைத்தது. வடையும் டீயும் வந்தன. எதிர் மேசைப் பெண் படத்தையும் இவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்.

"நீங்களா அது?"

"நாந்தான்" என்றாள் அழகம்மா, வடையை மென்றுகொண்டே. "கை நல்லா வந்திருக்குல்ல?"

அந்தப் பெண் எழுந்து கையைக் கிட்டப் போய்ப் பார்த்தாள். யோகேஸ்வரன் கல்லாவிலிருந்தபடியே இன்னொரு டீ கொடுத்தனுப்பினார்.

"சீனி பத்தல" என்று அழகம்மா அவரைப் பார்த்துச் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே சீனிப் போத்தலைத் தானே எடுத்துக்கொண்டு வந்தார்.