மைக்கோபிளாஸ்மா போன்ற ஒரு கதை

1

இந்தக் கதை ‘போன்ற’ என்ற ஒரே சொல்லில் தொடங்கியது. என் மனைவி விதைச் சான்று ஆய்வாளர். உருளைக்கிழங்கு வயல்களைப் பார்த்து, இது விதைக்கு ஆகும், இது சமையலுக்குத்தான் ஆகும் என்று பிரிப்பது அவள் வேலை. அவள் மேசையில் கிடந்த பழைய கையேட்டில், ஒரு நோய்க்குக் காரணம் ‘மைக்கோபிளாஸ்மா போன்ற உயிரி’ என்று போட்டிருந்தது. மைக்கோபிளாஸ்மா ஒரு வகைக் கிருமி; இது அதன் சாயலில் ஏதோ ஒன்றாம். சரியாகப் பிடிபடாத ஒன்றுக்கு விஞ்ஞானிகளும் எழுத்தாளர்கள் மாதிரியே ‘போன்ற’ போட்டுச் சமாளித்திருக்கிறார்கள். எனக்கு ஒரே குஷி.

முதல் வரி: ‘மாலை வெயிலில் ஊதா மலர்களைப் போல—’

"பூ இல்ல, நுனி இலை. நோய் வந்து ஊதாவா சுருண்டிருக்கு," என்றாள் மனைவி, பின்னால் நின்று.

(அடித்துவிட்டேன். அவள் நிற்கும்போது உவமை எழுதுவது கஷ்டம்.)

2

வில்லன் தத்துப்பூச்சி. நோயுள்ள செடியின் சாற்றைக் குடித்துவிட்டு அடுத்த செடிக்குத் தாவும்; கிருமியும் கூடவே போகும்.* ஆனால் எனக்குச் சிக்கல் தந்தவர் வில்லன் இல்லை, என் மச்சான். அவள் அண்ணன். இந்த முறை முழு வயலையும் விதைக்கென்றே போட்டவர். தங்கைக்குக் காய்ச்சல் என்றால் முதல் ஆளாக வந்து நிற்பவர். அவர் வயலின் நுனி இலைகள்தான் ஊதாவாக இருந்தன. ஆய்வகமும் அதே நோய்தான் என்று சொல்லிவிட்டது.

* செல்லுக்குச் சுவரே இல்லாத கிருமி. ‘சுவரில்லாத வீட்டில் குடியிருக்கும்—’ வேண்டாம், அவள் பார்க்கிறாள்.

3

முதல் வரைவை மச்சானிடம் போனில் படித்துக்காட்டியிருக்கக் கூடாது. சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் ‘போன்ற’வைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மறுநாள் காலை எங்கள் சமையலறையில் வந்து உட்கார்ந்தார்.

"பாப்பா, படிச்சவங்களே ‘போன்ற’ன்னுதான எழுதியிருக்காங்க. நீயும் ‘நோய் போன்ற அறிகுறி’ன்னு எழுதேன். விதைக்கு விட்ருவாங்க."

"அவங்க தெரியாம எழுதினாங்க அண்ணா. எனக்குத்தான் தெரியுமே."

"மாப்பிள்ளை, நீங்க சொல்லுங்க."

நான் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். (ஆற்றும் அளவுக்கு அதில் சூடு இல்லை.)

"இதை வாங்கி நடுறவங்க வயலும் இப்படித்தான் ஆகும்," என்றாள். "அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"அப்ப எனக்கு?"

அவர் டீயைத் தொடாமல் எழுந்து போனார். இந்த இடத்தில் ஒரு நகைச்சுவை வைத்திருந்தேன், எடுத்துவிட்டேன்.

4

முடிவுகள்.

அ. அவள் ‘போன்ற’ எழுதுகிறாள். (எழுதமாட்டாள். கூடக் குடும்பம் நடத்துகிறவன் சொல்கிறேன்.)

ஆ. மச்சான் கண்கலங்கி, "நீதான்மா என்—" அவருக்கு அப்படியெல்லாம் பேச வராது.

நடந்தது இது. இன்று மாலை அவள் ‘நோய். விதைக்கு ஏற்றதல்ல’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வேறு யாரும் சொல்வதற்குள் தானே சொல்லிவிட அண்ணனுக்குப் போன் செய்தாள். அவர் எடுக்கவில்லை. "நோய்னு எழுதிட்டேன். சாப்பிட வா அண்ணா" என்று செய்தி அனுப்பிவிட்டு, அவருக்கும் சேர்த்துத் தட்டு வைத்தாள்.

இப்போது வாசலில் மணி அடிக்கிறது. அவராக இருந்தால், சாப்பிட வந்தாரா சண்டைக்கு வந்தாரா தெரியாது. பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம். அவள் எழுந்திருக்கவில்லை, என்னைப் பார்க்கிறாள். நான் உங்களைப் பார்க்கிறேன். எனக்கு இரண்டு பக்கமும் சொந்தம். நீங்கள்தான் மூன்றாம் மனிதர். கொஞ்சம் போய்க் கதவைத் திறங்களேன்.