வரைபடத்துக்கு ஒரு திறப்பு விழா

ஒரகடம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் புவியியல் துறைத்தலைவர் தாண்டவராயன். ஐந்து நாள் பயிலரங்கு ஒன்றுக்குப் போய் வந்த பிறகு அவர் வெறும் பேராசிரியர் இல்லை, 'டிஜிட்டல் வரைபட வல்லுநர்'. சான்றிதழுக்குச் சட்டம் போட்டுத் தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருந்தார்.

வலைத்தள வடிவமைப்புப் பாடத்தைக் கணினியைத் தொடாமலே நடத்த முடியும் என்று நிரூபித்தவரும் அவர்தான். நிரலைக் கரும்பலகையில் எழுதுவார். பிள்ளைகள் வலைப்பக்கத்தை ஸ்கெட்ச் பேனாவால் ரெக்கார்டு நோட்டில் வரைவார்கள். அவர் கையெழுத்துப் போடுவார்.

கடைசி வருடம் படிக்கும் சுகப்பிரியா மட்டும் நிஜமாகவே ஒன்றைச் செய்து வைத்திருந்தாள். குன்றத்தூர், படப்பை பக்கமிருந்து தொழிற்சாலைகளுக்கு ஓடும் ஸ்டாஃப் பஸ்களின் நிறுத்தங்களையெல்லாம் காட்டும் வரைபடத் தளம். அந்த பஸ்களை விடும் ஒப்பந்தக்காரர் நடேசன், "மேப்பு கரெக்டா இருந்துச்சுன்னா ஆபீஸ்ல உனக்கு வேலை" என்று சொல்லியிருந்தார். அவள் வீட்டில் வேறு யாரும் சம்பாதிக்கவில்லை.

தளத்துக்குத் திறப்பு விழா ஏற்பாடானது. குத்துவிளக்கு வந்தது. ப்ரொஜெக்டர் திரைக்குக் குறுக்கே ரிப்பன் கட்டினார்கள். இணையத்தில் இருப்பதைத் திறக்க ரிப்பன் எதற்கு என்று கேட்கும் அளவுக்கு அங்கே யாருக்கும் துணிச்சல் இல்லை.

விழாவன்று காலை சுகப்பிரியா துறைத்தலைவர் அறைக்கு ஓடினாள்.

"சார், என் ஃபைல்ல எல்லாப் புள்ளியிலயும் நம்பர மாத்தி வெச்சிருக்கீங்க. அட்சரேகை முதல்ல வரணும் சார், தீர்க்கரேகை அப்புறம்."

"அம்மா, கிராஃபில் X முதலில், Y பிறகு. எட்டாம் வகுப்புப் பாடம். தீர்க்கரேகைதான் X."

"இந்த சாஃப்ட்வேர்ல அப்படி இல்ல சார்."

"சாஃப்ட்வேர் பெரிதா, நான் பெரிதா?" என்றவர் சற்று நிறுத்தி, "உன் இன்டர்னல் மார்க் இன்னும் போடவில்லை" என்றார்.

சுகப்பிரியா வாயை மூடிக்கொண்டாள்.

தாளாளர் ரிப்பனை வெட்டினார். கைதட்டல். திரையில் வரைபடம் விரிந்தது. ஒரே நீலம். நீலத்தின் நடுவே குன்றத்தூர், படப்பை, ஒரகடம் என்று பெயர் தாங்கிய புள்ளிகள். ஒரு சாலைகூட இல்லை.

"இன்னா சார் இது, ஒரே தண்ணியா கீது?" என்றார் முன்வரிசையில் இருந்த நடேசன்.

தாண்டவராயன் அசரவில்லை. கையிலிருந்த குச்சியால் திரையைத் தட்டினார். "இது செம்பரம்பாக்கம் ஏரி."

"படப்ப ஏரிக்குள்ளயா கீது?"

"நீர்மட்டம் உயர்ந்திருக்கும்போது எடுத்த படம்."

தாளாளர் கவலையோடு தலையாட்டினார். "ஏரிய தொறந்து வுட்டா இப்படித்தான். அந்த வெள்ளத்தப்போ நாம தான் பாத்தமே."

"சரி சார், என் பஸ்ஸு எதுல போவுது? படகுலயா?"

பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். துறைத்தலைவர் சட்டென்று திரையை விட்டுத் திரும்பினார். "இது மாணவி செய்த பிழை. எத்தனை முறை சொல்லியும் கேட்கவில்லை" என்று சுகப்பிரியாவை நோக்கிக் குச்சியை நீட்டினார்.

நடேசனும் அவளைத்தான் பார்த்தார். மார்க்குக்காக மூடிய வாய் இப்போது வேலைக்கே உலை வைத்துவிட்டது. சுகப்பிரியா எழுந்து போய்க் கணினி முன் உட்கார்ந்தாள். முதலில் வரைபடத்தைச் சுருக்கினாள். நீலம் விரிந்துகொண்டே போய், அடியில் நார்வே தெரிந்தது.

"வட துருவத்துக்குப் பக்கத்துல நிக்குது சார் பஸ்ஸு. காலைல தான் இவர்கிட்ட சொன்னேன், கேக்கல" என்றாள். பிறகு தான் முதலில் எழுதிய கோப்பை மறுபடி ஏற்றினாள்.

படப்பைச் சாலை வந்தது. அதன் ஓரமாக நிறுத்தங்கள் வரிசையாக வந்து நின்றன.

நடேசன் எழுந்து திரைக்குக் கிட்டே போனார். "ஆங்... சர்வீஸ் ரோடுலயே வெச்சிருக்கியே! டிரைவருங்க அங்க தான் நிறுத்துவானுங்க."

"சபாஷ்!" என்று தாண்டவராயன் மைக்கைப் பிடித்தார். "வேண்டுமென்றே மாற்றி வைத்து மாணவியைச் சோதித்தேன். இதுதான் கற்பித்தல் முறை."

தாளாளர் உருகிப்போய் அவருக்கே பொன்னாடை போர்த்தினார். பொன்னாடையோடு கீழே இறங்கியவர் நடேசனிடம் தாழ்ந்த குரலில், "அவளை எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை. இன்டர்னல் மார்க் என் கையில் இருக்கிறது" என்றார்.

"உன் கையிலயே இருக்கட்டும் சார்" என்றார் நடேசன். "எனக்கு ஆளுங்க ஷிப்டுக்குப் போய்ச் சேந்தா போதும்." பிறகு திரும்பி, "இன்னாம்மா, திங்கக்கிழமையே வர்றியா?"

"பஸ் எங்க நிக்கும் சார்?" என்று கேட்டாள் சுகப்பிரியா.

"நீ தானே மேப்பு போட்ட?" என்று சிரித்தார் அவர்.