பகடையில் விழுந்த மன்னிப்பு

எங்கள் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் கவிதையைப் பகடை உருட்டித்தான் எழுதுவோம். கைக்குக் கிடைத்த ஏதாவது ஒரு தாளிலிருந்து, விழுந்த எண்ணுக்கேற்பச் சொற்களைப் பொறுக்கி அடுக்க வேண்டும். கூடவே அது ஏன் கவிதை என்று ஒரு விளக்கவுரை. கவிதை நாலு வரி என்றால் உரை நாலு பக்கம். சொந்தக் கதைக்கு மட்டும் இடமில்லை. மீறியவர் எல்லோருக்கும் காபி போட வேண்டும். பதினோரு வருடமாக யாரும் மீறவில்லை. காபியைக் கொரின்தான் போட்டுத் தந்தாள்.

கொரின், எங்கள் தலைவர் பேராசிரியர் எல்வுட்டின் மனைவி. கூட்டம் நடப்பது அமெரிக்காவின் பஃபலோ நகரில், அவர்கள் வீட்டுச் சமையலறையில். போன மாதம் அவளுக்குக் கண்புரை அறுவை. ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கூட்டிவர வேண்டிய மனிதர் எங்களோடு பகடை உருட்டிக்கொண்டிருந்தார். மறுநாளே அவள் ராச்செஸ்டரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். உன் கைப்பட மன்னிப்புக் கேட்டு எழுது, வருகிறேன் என்று சொல்லி அனுப்பினாள். அவ்வளவுதான் கேட்டாள், பாவம்.

மனிதர் என்ன செய்தார் தெரியுமா? மருத்துவமனையில் தந்த சொட்டுமருந்துக் குறிப்பை வைத்துப் பகடை உருட்டினார். ‘மூடி. இரு சொட்டு எரிச்சல். நன்றாகக் குலுக்கிய இமை.’ இதுதான் மன்னிப்பு. எழுதியவன் கவிதைக்குள் இருப்பதே இல்லை என்று ஏழு பக்க விளக்கவுரை வேறு. நாங்கள் கைதட்டினோம். நானும் தட்டினேன், வெட்கக்கேடு.

அடுத்த செவ்வாயன்று பதில் வந்திருந்தது. அவரே எங்களுக்கு உரக்கப் படித்தார்.

“ஏழு பக்கமும் படிச்சேன், எல்வுட். எழுதினவன் உள்ளே இல்லவே இல்லைன்னு நல்லா நிரூபிச்சிருக்கே. அப்போ நான் யாரை மன்னிக்கிறது? திரும்பி வர்றதா வேண்டாமான்னு நானும் பகடை உருட்டினேன். மூணு விழுந்தது. மூணுன்னா என்னன்னு நீயே ஒரு விளக்கவுரை எழுதிக்கோ.”

அவருடைய சீடப்பிள்ளை டோபியாஸ், இது பிரமாதமான படைப்பு, நம் இதழில் போடலாம் என்றான்.

எல்வுட் அதைக் காதில் வாங்கவில்லை. “ஒத்தைக் கண்ணைக் கட்டிக்கிட்டு ரெண்டு மணி நேரம் ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்திருந்தா. போன் அடிச்சது. எனக்குக் கேட்டுச்சு. எடுக்கலை. அப்போ எனக்கு நல்ல நல்ல எண்ணா விழுந்துக்கிட்டிருந்தது.”

பிறகு டோபியாஸ், சொந்தக் கதை வந்துவிட்டதால் விதிப்படி இன்று காபி அவர்தான் போட வேண்டும் என்று நினைவூட்டினான். அவனை ஒரு அறை விடலாம் போல இருந்தது.

எல்வுட் எழுந்து ஒவ்வொரு அலமாரியாகத் திறந்தார். மாவு, ஓட்ஸ், சூப் டப்பா. முப்பது வருடம் குடியிருந்த வீட்டில் காபித்தூள் எங்கே என்று மனிதருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். வேண்டுமென்றேதான் சொல்லவில்லை.

கடைசியில் உட்கார்ந்து, பென்சிலை எடுத்து எழுதினார். “கொரின், போன் அடிச்சது எனக்குக் கேட்டது. எடுக்கலை. தப்பு என்னோடது. காபித்தூள் எங்கே இருக்குன்னுகூட எனக்குத் தெரியலை.”

டோபியாஸ் எட்டிப் பார்த்து, இதற்கு என்ன விதி என்று கேட்டான்.

“கோட்டு மாட்டிக்கிட்டு வீட்டைப் பார்த்துப் போடா,” என்றேன்.