மூடி இல்லாத பேட்டரி

ஷார்ஜாவில் இருபத்தெட்டு வருடம் கப்பல்களுக்கு வயரிங் செய்தவன் நான். ஒரு பேட்டரி வாங்க எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. என் மனைவி லீலாபாய் எடுத்தாள்.

ஊருக்குத் திரும்பியதும் சின்னப் பாய்மரப் படகு ஒன்று வாங்கிப் பூவாறில் நிறுத்தியிருக்கிறேன். அதில் அவளோடு கொல்லம் வரை போக வேண்டும், அது ஒன்றுதான் ஆசை. அவளுக்கோ உறக்கத்தில் மூச்சு அடைக்கும். காரக்கோணம் டாக்டர் எழுதிக்கொடுத்த மெஷினை முகத்தில் மாட்டாமல் படுக்கக் கூடாது. படகின் பழைய பேட்டரி விளக்குக்கே திணறியது. விடியும்வரை மெஷின் ஓடுமென்றால் வருகிறேன் என்றாள்.

கணக்குப் போட்டு லித்தியம் பேட்டரி வாங்கினேன். பன்னிரண்டு கிலோ, ஆசிட் கிடையாது. அவள் தண்ணீர் ஊற்றும் மூடியைத் தேடி அதை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"வெள்ளம் ஒழிக்க மூடி எங்க?"

"இதுக்கு வெள்ளம் வேண்டாம்."

"வெள்ளம் வேண்டாத்த பேட்டரிய நம்பி நான் மூச்சு விட மாட்டேன் ஆக்கும்."

மாதத்தின் முதல் ஞாயிறு, சர்ச்சு விட்டு வந்ததும் வீட்டு இன்வெர்ட்டருக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள் அவள். அது அவளை ஒருநாளும் ஏமாற்றியதில்லை. நான் ஐந்து கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருந்திருக்கிறேன்.

கடைக்கார நிபினிடம் லித்தியத்தைத் திருப்பிக் கொடுத்து, ஆறு மூடி வைத்த இன்வெர்ட்டர் பேட்டரி கேட்டேன்.

"மாமா, வள்ளத்தில யாராவது இத வைப்பாவளா?"

"எலே, எடுத்து வண்டியில வை."

முப்பத்தைந்து கிலோ. இடப்பக்கப் படுக்கைப் பலகைக்கு அடியில் மட்டும்தான் இடம் இருந்தது. பேட்டரியின் வாயு வெளியேற நல்ல மரத்தில் ஓட்டை போட்டேன். என்னோடு வேலை பார்த்தவர்கள் யாரும் இதைப் பார்க்கக் கூடாது.

சனிக்கிழமை மத்தியானம் வந்தாள். ஆறு மூடியையும் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்து மூடினாள். மெஷினை மாட்டிக்கொண்டு அந்தப் பலகையிலேயே படுத்தாள். மூன்று மணி நேரம் உறங்கினாள். நான் மீட்டரையும் அவளையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுந்ததும் கேட்டாள்: "வள்ளம் ஒருபக்கமா சரியுதே?"

"பேட்டரிக்க கனம்."

"மத்த பேட்டரின்னா சரியாதோ?"

"சரியாது."

தலையணையை எடுத்துக்கொண்டு எதிர்ப் பலகைக்குப் போய்ப் படுத்தாள். படகு மெல்ல நிமிர்ந்தது.

"அப்போ கொல்லம் வரைக்கும் நான் இந்தப் பக்கம்" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மீட்டரைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.