பண்ணையில் வளர்ந்தவர்

...'பண்ணை வீட்டுச் செல்வச் சீமாட்டி' என்று போடச் சொல்கிறார் மாமா, செல்வமும் வேண்டுமாம் சீமாட்டியும் வேண்டுமாம், ஒன்றை எடுத்துவிட்டால் வரி எடுப்பாக இல்லையாம், தொலைபேசியில் அவர் சொல்லச் சொல்ல நான் சரி மாமா, சரி மாமா என்கிறேன், அச்சகத்துப் பெண் கணினியில் தட்டிக்கொண்டே போகிறாள், எந்த வார்த்தைக்கும் முகம் மாறவில்லை, வாரத்துக்கு நாலு சீமாட்டிகளையாவது வழியனுப்பி வைக்கிறவள் போலிருக்கிறது. பாட்டி போய் ஐந்து நாள். நினைவு மலர், எட்டுப் பக்கம், வழவழப்பான தாள். பன்னிரண்டு மணிக்குள் முடித்துக் கொடுக்காவிட்டால் யாரோ ஒருவரின் கல்யாணப் பத்திரிகை இயந்திரத்தில் ஏறிவிடும்... "கல்யாணம் காத்திருக்காது சார்," என்றாள், மற்றது காத்திருக்கும் என்பதை நாகரிகமாகச் சொல்லாமல் விட்டாள். எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது, ஏனென்றால் குடும்பத்தில் நான்தான் எழுத்தாளன், அதாவது அலுவலகத்தில் இயக்குநருக்கு உரை எழுதிக் கொடுக்கிறவன், 'பெருமகிழ்ச்சி அடைகிறோம்' என்பதைப் பதினேழு வருஷமாகப் பதினேழு விதமாக எழுதியிருக்கிறேன், எதற்காக அடைகிறோம் என்று ஒருதரம்கூடக் கேட்டதில்லை.

திரையில் பாட்டி. மாமா வீட்டு சோபாவில் உட்கார்ந்த படம், உட்கார்ந்த என்று சொல்வது ஒரு மரியாதைக்கு, நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கிறாள், யாராவது எழுந்திரு என்பதற்குள் எழுந்துவிடத் தயாராக. தொண்ணூற்று மூன்று வயதிலும் நின்றுகொண்டுதான் சாப்பிட்டாள், சமையலறை மூலையில், தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, நாங்கள் எல்லோரும் முடித்த பிறகு. வாசற்படியில் யாராவது எதிரே வந்தால், அது நாலு வயதுக் கொள்ளுப்பேத்தியாக இருந்தாலும், சுவரோடு சுவராக ஒதுங்கி வழிவிடுவாள். போன வாரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் உள்ளே வந்ததும் கையில் செருகிய குழாயோடு கட்டிலைவிட்டு இறங்கப் பார்த்தாள், படுங்கம்மா படுங்கம்மா என்று அவர் பதற, "எங்கம்மா அப்படித்தான் டாக்டர், ரொம்ப எளிமை," என்று மாமா நெஞ்சை நிமிர்த்தினார்... 'எளிமையின் சிகரம்', மூன்றாம் பக்கம், இரண்டாம் வரி. 'பணிவின் பல்கலைக்கழகம்' வேண்டும் என்றாள் பெரியம்மா, இடம் போதவில்லை. பால் வண்டி ஓட்டிய தாத்தா நேற்று மாலையிலிருந்து பால்வளத் தொழிலதிபர், செத்து முப்பது வருஷம் கழித்து இப்படியொரு பதவி உயர்வு எங்கள் அலுவலகத்தில்கூட யாருக்கும் கிடைத்ததில்லை. மழைக்காலத்தில் என் பள்ளிச் சட்டையை அடுப்புக்கு மேல் பிடித்துச் சூடேற்றி மாட்டிவிடுவாளே, அந்தச் சூடு தெருமுனை வரைக்கும் நெஞ்சில் இருக்குமே, அதை எந்தப் பக்கத்தில் போடுவது? மணி அடிப்பதற்கு அரைமணி முன்பே வந்து பள்ளிக்கூட வாசலில் நிற்பாள், ஏன் பாட்டி இவ்வளவு சீக்கிரம் என்றால் சிரிப்பாள், நான் வெளியே வந்து அவளைத் தேடும்படி ஒருநாளும் விட்டதில்லை...

சொன்னாள், எனக்குச் சொன்னாள். ஒன்பது வயது, அம்மை போட்டுப் படுத்திருந்தேன், பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டே, ஏதோ கடைக்குப் போய் வந்ததைச் சொல்வதுபோல, "நான் அந்தப் பண்ணை வீட்டுப் பொண்ணு இல்லடா கண்ணு, எங்கப்பா என்னை அங்க வேலைக்கு விட்டுட்டுப் போனாரு, ஏழு வயசு எனக்கு, அறுப்பு முடிஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போறேன்னாரு." அவ்வளவுதான். பதினொரு வருஷம். மாட்டுக் கொட்டகைக்கு மேலே வைக்கோல் பரணில் படுக்கை, அங்கே பால் எடுக்க வந்த வண்டிக்காரர்தான் தாத்தா. பண்ணையில் வளர்ந்தவர் என்பதில் பொய் ஒன்றும் இல்லை, கன்றுக்குட்டியும் அங்கேதான் வளர்ந்தது. இத்தனை வருஷமாக இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறேன், அத்தனை பேரக்குழந்தைகளில் என்னைத்தானே நம்பினாள் என்ற கர்வத்தோடு, ஆமாம், கர்வம்தான், அவள் மாமா வீட்டு மூலையில் நின்று சாப்பிடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மட்டும் காரணம் தெரியும் என்று நினைத்துக்கொள்வேன், நினைத்துக்கொண்டு என் தட்டில் இருப்பதைச் சாப்பிடுவேன். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டிருக்கலாமே... இன்றைக்காவது. சீமாட்டியை எடுத்துடுங்க, இதைப் போடுங்க, என்று சொல்லிவிட்டேன்: 'ஏழு வயதில் ஒரு பண்ணையில் வேலைக்கு விடப்பட்டவர். அறுவடை முடிந்ததும் அழைத்துப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார் தந்தை.' அச்சகத்துப் பெண்ணின் விரல் முதல்முறையாக நின்றது, பிறகு தட்டினாள். பதினேழு வருஷத்தில் நான் எழுதிய முதல் உண்மை, எழுத்தளவு பதினான்கில்.

பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார் மாமா, அனுப்பினேன், ஒரு நிமிஷம் ஆகவில்லை, "டேய், யாரைக் கேட்டு இதைப் போட்டே?" பாட்டிதான் சொன்னாங்க மாமா. "கடைசில அவங்களுக்கு நினைவு தப்பியிருந்துச்சுடா." எனக்குச் சொன்னப்ப எனக்கு ஒம்பது வயசு மாமா. அதற்கு மாமா, மேடையில்லாத ஒரு சின்னக் குரலில், "எனக்குந்தான் சொன்னாங்க. உங்கம்மாவுக்கும் சொல்லியிருக்காங்க, பெரியம்மாவுக்கும். ஆளுக்கு ஒரு தடவை. தெரியாதவங்க யாருடா இருக்கா? அதுக்காக அச்சடிச்சுக் குடுப்பாங்களா, சம்பந்தி வீட்ல படிப்பாங்கடா, தூக்கு." ஆளுக்கு ஒரு தடவை. அப்படியென்றால் என்னை நம்பிச் சொல்லவில்லை, ஒவ்வொருவராகத் தட்டிப் பார்த்திருக்கிறாள், முதலில் மகனை, பிறகு மகள்களை, அப்புறம் வேறு யாரும் மிச்சமில்லாமல் காய்ச்சலில் கிடந்த ஒரு பொடியனை... அவர்கள் என்ன சொன்னார்களோ, நான் என்ன சொன்னேன்? 'முதுகு அரிக்குது பாட்டி' என்றேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு முதுகை வருடிக் கொடுத்தாள்.

எடுத்துடுங்க, என்றேன். ஒரே தட்டு, இரண்டு வரியும் போயின, கீழே இருந்தவை மேலே ஏறி இடத்தை அடைத்துக்கொண்டன, சீமாட்டி திரும்ப வந்து உட்கார்ந்தாள். அச்சகத்துப் பெண் திரையைப் பார்த்தபடியே, "அப்புறம் அவங்க அப்பா வந்தாரா சார்?" என்றாள். என்னது? "இல்ல, அறுப்பு முடிஞ்சு கூட்டிட்டுப் போறேன்னாரே... வந்தாரா?" பாட்டியை அவளுக்கு இரண்டு மணி நேரமாகத்தான் தெரியும். இருங்க, கேட்டுச் சொல்றேன், என்று தொலைபேசியை எடுத்துவிட்டேன், பெயர்களின் மேல் விரல் ஏறி இறங்குகிறது, மாமா, அம்மா, பெரியம்மா, மறுபடி மாமா, மறுபடி அம்மா... யாரைக் கேட்பது?