எஞ்சின் ஹெட் போன இடம்

பல் டாக்டர் ஆறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் தங்கியதே இல்லை. வீட்டை ஒட்டிய ஷெட்டே கதி என்று கிடந்தார். அங்கே ஒரு பழைய பிரிட்டிஷ் கிராண்ட் டூரர் கார் நின்றது. நீண்ட மூக்கு, இரண்டே கதவு, நெடுந்தூரம் களைப்பில்லாமல் ஓடுவதற்கென்றே கட்டிய உடம்பு. அதை நட்டு நட்டாகக் கழற்றி, துருவைச் சுரண்டி, அறுபது பெட்டிகளில் எண் போட்டு அடுக்கியிருந்தார். எந்த எண்ணில் எது என்று மட்டும் எங்கும் எழுதி வைக்கவில்லை. மனைவி கேட்டால், "அதான் நான் இருக்கேனே" என்பார்.

பக்கவாதம் வலது கையையும் கால்களின் பலத்தையும் பேச்சையும் ஒரே காலையில் வாரிக்கொண்டு போனது. உள்ளுக்குள் எல்லாம் பளிச்சென்றுதான் இருந்தது. "ஆமா" மட்டும் சுத்தமாக வந்தது. வேறு எதைச் சொல்ல வாயெடுத்தாலும் "குடை" என்று வந்து விழுந்தது. முதல் தடவை மனைவி சிரித்துவிட்டாள். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

மாடிப்படி இனி ஆகாது. ஷெட்டை இடித்துக் கீழேயே ஓர் அறை கட்டுவதென்று முடிவானது. மச்சினன் விளம்பரம் கொடுத்தான்: 'பாதி வேலை முடிந்த கார், உள்ளது உள்ளபடி.'

வந்த வியாபாரி நல்ல மனிதர். சக்கர நாற்காலியில் இருந்த டாக்டருக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போர்வையை விலக்கினார். குனிந்து பார்த்தவர் நிமிர்ந்தார்.

"எஞ்சின் ஹெட் எங்கம்மா?"

"ஏதாவது பெட்டியில இருக்கும்."

"எஞ்சினுக்கு மேல மூடியா உக்காருற பாளம்மா, பெட்டியில அடங்குற சாமானில்லையே. அது இருந்தா வண்டிய நானே முடிச்சு ஓட்டிருவேன். இல்லன்னா பாகம் பாகமா பிரிச்சு விக்கத்தான் ஆகும். இதுக்கெல்லாம் ஹெட் தேடினாலும் கிடைக்காது."

ஹெட் மேம்பாலத்துக்குக் கீழே இருக்கும் லேத் பட்டறையில் இருந்தது. படுக்கையில் விழுவதற்கு முந்தைய வாரம் டாக்டரே கொண்டுபோய் இழைக்கக் கொடுத்தது. நாலு வார்த்தை போதும்.

"குடை" என்றார். இன்னும் பலமாக, "குடை."

"மழை இல்ல மாமா" என்ற மச்சினன், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு குடையைக் கொண்டுவந்து மடியில் வைத்தான். டாக்டர் அதைத் தள்ளிவிட்டார். இடது கையால் பென்சிலைப் பிடித்துப் பாலத்தை வரைந்தார். வளைவுகள் கம்பளிப்பூச்சி போல நெளிந்தன. வியாபாரி தாளை வாங்கி உன்னிப்பாகப் பார்த்தார்.

"கேம் ஷாஃப்டா ஐயா? அந்த மேடு மேடான தண்டு இங்கயேதான் இருக்கு."

டாக்டர் மனைவியின் புடவையைப் பிடித்து இழுத்து வாசலைக் காட்டினார்.

"வெளிய போகணுமா?"

"ஆமா."

அவள் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போனாள். அவர் வலப்பக்கம் கை நீட்டினார். பாலம் மூன்று மைல். "இங்க காத்து நல்லா வருது, இல்லீங்களா?" என்று நாற்காலியை நிழலில் நிறுத்தினாள். அவர் சக்கரத்தைப் பிடித்துத் தள்ளப் பார்த்தார். ஒரே கை என்பதால் நாற்காலி நின்ற இடத்திலேயே வட்டமடித்தது. அவள் பயந்துபோய் வீட்டுக்குத் திருப்பினாள். அதற்குள் பெட்டிகள் லாரியில் ஏறியிருந்தன.

மூன்று மாதம் கழித்து, லேத் பட்டறைக்காரர் ஆட்டோவில் சாக்கு சுற்றிய ஒரு கனத்தை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். கிளினிக் போனை யாருமே எடுக்காததால் விலாசம் விசாரித்து வந்திருக்கிறார். விஷயம் புரிந்ததும் மனைவி வியாபாரிக்குப் போன் போட்டாள். கதவுகளும் கியர் பாக்ஸும் போன மாதமே வெவ்வேறு ஊருக்குப் போய்விட்டன என்றார் அவர். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

அவள் போனை வைத்துவிட்டுக் கணவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு இதத்தான் சொன்னீங்களா?"

"ஆமா."

பட்டறைக்காரருக்கு எதுவும் விளங்கவில்லை. சாக்கைப் பிரித்து, கண்ணாடியாக இழைத்த பரப்பை டாக்டர் பக்கம் திருப்பினார். "கையால தொட்டுப் பாருங்க டாக்டர், ஒரு மயிரிழை மேடு பள்ளம் இருக்காது. வண்டி எங்க நிக்குது? நானே மாட்டிக் குடுத்துட்டுப் போறேன்."